கப்பலுக்குச் சொன்ன திகதி

வெள்ளவத்தை
4 ஜூன் 2025

எவ்லினுக்கு,

என் இலக்கத்தை உன் ஃபோனில் தடுத்து வைத்திருக்கிறாய். அழைத்தால் ஒரு பெண் மூன்று மொழியில் வருத்தம் தெரிவிக்கிறாள். உனக்கு ஒரு மொழியில்கூட வருத்தம் இல்லை போலும். கப்பல் யார்ட்டில் நேரே கதைக்கலாம் என்றால், உன் பைப் செக்ஷன் ஆட்கள் கைவேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். ஸ்டோரில் இருக்கும் நஸீறா ராத்தா கொட்டாஞ்சேனைக்குத்தானே போகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். "ரெண்டு பேரும் ஒரே யார்ட்டுல தானே ஈக்கிற, வாய் இல்லையா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டேதான் வாங்கினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் உன் செக்ஷனைச் சிவப்பில் காட்டியது நான்தான். எந்த வேலை எப்போது முடிய வேண்டும் என்று திட்டம் போடுகிறவன் பிந்தியதைக் காட்டத்தானே வேண்டும்? மனைவியின் செக்ஷன் என்று பச்சை அடிக்க முடியுமா? நீ எழும்பி ஜீ.எம். முன்னாலேயே, "இவர் தாற திகதி ஒண்டும் உண்மையில்ல சேர். எல்லாத்தையும் ரெண்டு கிழமை முந்தித்தான் சொல்லுறவர். வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றாய். வெல்டிங் ஆட்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. "இவங்க முடிச்ச வேலைய ஒளிச்சு வச்சிக்கிட்டு முடியலன்னு சொல்றவங்க சார்" என்று நானும் சொல்லிவிட்டேன். அன்று பின்னேரமே பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. கடற்காற்றில் யன்னல் கண்ணாடி உப்பேறிக் கிடக்கிறது, ரயில் போகும்போது வெளியே ஒரு நிழல் ஓடுவது மட்டும் தெரிகிறது. நேற்றுக் கதிரையிலேயே கண்ணயர்ந்தேன். கனவில், நாம் கட்டும் கப்பல் காலி வீதியால் வருகிறது. தண்ணீர் இல்லை, சக்கரம் இல்லை, ஆனாலும் வருகிறது. பஸ்கள் ஓரம் கட்டி வழி விடுகின்றன. நம் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றது. மேல் தளத்தில் நீ. நான் கீழே நின்று கையசைத்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தேன், "எத்தனை வீதம் முடிஞ்சிச்சு?" என்றுதான் வாயில் வந்தது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பச்சை விழுந்தது, கப்பல் போய்விட்டது.

இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் ஒரு யார்ட்டின் திட்டமிடல் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் கப்பல் மிதக்கும் வரை என் பதிலுக்குப் பொறுத்திருப்பார்கள். போவதா, வேண்டாமா? உன் கருத்தை அறியத் தரவும்.

இருளப்பன்

*

கொட்டாஞ்சேனை
7 ஜூன் 2025

திட்டமிடல் பொறியியலாளர் இருளப்பன் அவர்களுக்கு,

"உன் கருத்தை அறியத் தரவும்." இதை அக்காவிடமும் காட்டினேன். "உன்ட மனுசன் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாரா, டெண்டர் போட்டிருக்கிறாரா?" என்று கேட்டாள்.

முடித்ததை ஒளிக்கிறேன் என்று ஊருக்கே சொன்னீர்கள். ஏன் ஒளிக்கிறேன் என்று சொன்னீர்களா? வருஷத் தொடக்கத்தில் கப்பலின் ஒரு பகுதி, ஒரு பிளொக்கின் பைப் வேலையை முந்தியே முடித்துத் தந்தேன். பச்சை அடித்தீர்கள். மறுநாளே "இங்கே ஆட்கள் மிச்சம்" என்று என் கைதேர்ந்த ஃபிட்டர்களை இரும்பு செக்ஷனுக்கு அனுப்பினீர்கள். அடுத்த பிளொக்குக்கு ஆள் இல்லை. அப்போது சிவப்பு அடித்தீர்கள். முந்தி முடித்தவளுக்கு இதுதான் பரிசு என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? இரும்புக்காரர் ஒரு தகட்டைத் தூக்கி வைத்தால் தொன் கணக்கில் உங்கள் வரைபடம் ஏறுகிறது. என் பைப்புக்கு நிறை இல்லை. அதனால் என் ஆட்கள் நாள் முழுக்க உழைத்தாலும் உங்கள் திரையில் சும்மா இருந்த மாதிரித்தான்.

உங்கள் திகதி பற்றியும் சொல்கிறேன். அட்டனில் உங்கள் மாமா மகனின் கல்யாணத்துக்கு ஏழு மணி முகூர்த்தம் என்றீர்கள். இருட்டோடு எழும்பிச் சேலை கட்டிக்கொண்டு போய் இறங்கினால் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேட்டிகூடக் கட்டாமல் சாரத்தோடு வந்து எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். மறந்துவிட்டீர்களா?

சிங்கப்பூருக்கு விருப்பமென்றால் போங்கள். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

அக்காவின் வீட்டு அறைக்குத் துறைமுகச் சத்தம் நன்றாகக் கேட்கும். விடியும் நேரத்தில் ஏதாவது ஒரு கப்பல் ஊதும். அரைத் தூக்கத்தில் கையை நீட்டுகிறேன், சுவர்தான் படுகிறது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்டாமல் விடுகிறேன்.

எவ்லின்

*

வெள்ளவத்தை
10 ஜூன், போயா விடுமுறை நாள்

எவ்லின்,

நீ வெட்டாமல் விட்ட அந்த வரிகளைத்தான் இன்று முழுக்க வாசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

ஆட்களைப் பிடுங்கியது பிழை. உனக்குச் செய்தது மட்டுமல்ல, எவருக்குச் செய்தாலும் பிழை. மாப்பிள்ளை தேத்தண்ணீர் ஊற்றியதும் மறக்கவில்லை. ஆனால் சரியான திகதியைச் சொன்னால் இந்த யார்ட்டில் யார் அதற்குள் முடித்திருக்கிறார்கள்? முந்திச் சொன்னால்தான் நேரத்துக்கு வருகிறது. அப்படியே பழகி, வீட்டுக்கும் தொற்றிவிட்டது.

நீ கூட்டத்தில் போட்டு உடைத்ததில் இருந்து யார்ட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் ஒரு திகதி சொன்னால் பெயின்ட்காரர் தாங்களாகவே இரண்டு கிழமை கூட்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து மின்சார செக்ஷன் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது. முந்திய வேலை முடியாமல் பிந்திய வேலை வந்து நிற்கிறது. நேற்று ஒரே கிரேனுக்கு இரண்டு பேர் கயிறு கட்டிவிட்டுச் சண்டை பிடித்தார்கள், கிரேன் ஒருவருக்கும் தூக்காமல் வெயிலில் நின்றது. மேலே அலுவலக வாசலில் நின்று பார்த்தேன். புழுக்கத்தில் கப்பல், டொக், மனிதர்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பது போல ஆடிக்கொண்டிருந்தன. ஒரு நாடு முழுக்க நித்திரையில் நடப்பது போல இருந்தது. அதற்குள் உன் மஞ்சள் ஹெல்மட்டை மட்டும் தேடிக் கண்டுபிடித்தேன்.

ஜீ.எம். சாஸ்திரக்காரரிடம் போய்வந்துவிட்டார். ஆகஸ்ட் பதினான்காம் திகதி காலையில் சுபநேரம். அன்றைக்குக் கப்பல் நிற்கும் டொக்கில் தண்ணீர் விட்டு அதை மிதக்க வைக்க வேண்டும். அமைச்சருக்கும் பிக்குமாருக்கும் அழைப்பு போகிறது. இது நான் கூட்டிக் குறைத்த திகதி அல்ல.

உன் பைப் வேலை உண்மையில் எவ்வளவு முடிந்திருக்கிறது? திரைக்காகக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் சொல். ஆட்களைத் தொடமாட்டேன்.

இருளப்பன்

*

கொட்டாஞ்சேனை
14 ஜூன் 2025

இருளப்பனுக்கு,

நேற்று அந்தோனியார் திருவிழா. தெருவெல்லாம் வெளிச்சம், அக்காவின் வாசல் வரைக்கும் சனம். சுரூபம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் எதையாவது கேட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு எதைக் கேட்பதென்று குழப்பமாக இருந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். எது தொலைந்தது என்று முதலில் நான் சொல்ல வேண்டாமா?

எனக்கு மட்டும் சொல் என்கிறீர்கள். இதற்கு முன்பும் அப்படித்தான் சொன்னீர்கள், அப்புறம் திரையில் வந்தது. ஆகவே முதலில் நீங்கள் சொல்லுங்கள். எல்லாத் திகதியிலும் ஒளித்து வைத்த நாட்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இன்னும் எவ்வளவு கையில் இருக்கிறது? வேறு என்னவெல்லாம் எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறீர்கள்?

சிங்கப்பூருக்குப் பதில் எழுதிவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்கிறாள்.

எவ்லின்

*

வெள்ளவத்தை
19 ஜூன் 2025

எவ்லின்,

உன் அக்காவுக்குச் சொல், இன்னும் எழுதவில்லை.

ஒளித்து வைத்த நாட்கள் கையில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு கிழமை வைத்திருந்தேன். ஆளாளுக்குத் திகதியைக் கூட்டியதில் எல்லாம் கரைந்துவிட்டது. சுபநேரத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. இதை ஜீ.எம்.மிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

தெரியாமல் செய்ததும் ஒன்று இருக்கிறது. கோபிக்காதே. என்ஜின் அறைப் பைப்புகள் துத்தநாகம் பூச வெளியே போய்த் திரும்பி வரவே இல்லை என்று பார்த்தேன். உன் ஆட்கள் இன்னும் அரைவாசிகூடச் செய்யவில்லை, அதை மறைக்கத்தான் இந்தப் பூச்சுக் கதை என்று நினைத்தேன். ஜூலையில் கப்பலின் வெளிநாட்டு உரிமையாளர் பார்க்க வரும்போது எல்லோருக்கும் முன்னால் நீ தலைகுனிந்து நிற்கக் கூடாது. ஆகவே ஜீ.எம்.மிடம் வேறொரு காரணம் சொல்லி, அதே வரைபடங்களை இரத்மலானையில் ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். பைப்புகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. உன் செக்ஷன் செய்தது என்றே போகும், என் பெயர் வராது.

உன்னைச் சிவப்பில் காட்டினவன்தான் இதையும் செய்தான். இரண்டும் ஒரே ஆள்தான் எவ்லின்.

இருளப்பன்

*

கொட்டாஞ்சேனை
24 ஜூன் 2025

இருளப்பன்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

என்ஜின் அறைப் பைப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஏப்ரல் புதுவருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. பூச்சும் முடிந்தது. ஒருகொடவத்தையில் அத்தானின் லொறி யார்ட் இருக்கிறதல்லவா, கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நம் யார்ட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்புக்காரர் கண்டுவிடுவார்கள், நீங்கள் பச்சை அடித்துவிட்டு என் ஆட்களைக் கொண்டுபோய்விடுவீர்கள் என்றுதான். கடைசி நேரத்தில் கொண்டுவந்து ஒரேயடியாகக் கப்பலில் பூட்டிக் காட்ட நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

இப்போது ஒரு கப்பலுக்கு இரண்டு செட் பைப். என் மானத்தைக் காப்பாற்ற நீங்கள் ஒரு செட். என் ஆட்களை உங்களிடமிருந்து காப்பாற்ற நான் ஒரு செட். இந்தக் கதையை வெளியே சொன்னால் நம்மை வேலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் வைத்திருக்க மாட்டார்கள்.

கோபமும் இருக்கிறது. என்னால் முடியாது என்று எப்படி நினைத்தீர்கள்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

எவ்லின்

*

வெள்ளவத்தை
5 ஜூலை 2025

அன்புள்ள எவ்லின்,

ஒருகொடவத்தைக்குப் போய்ப் பார்த்தேன். உன் அத்தான் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, ஆனால் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரத்தோடு எல்லாப் பைப்பும் வெள்ளியாக மின்னிற்று. சுற்றிலும் துருப்பிடித்த கொள்கலன்கள், சேறு, லொறிச் சத்தம். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் இலக்கம். ஒன்றின் வாய்க்குள் காதை வைத்தேன், கடல் மாதிரி இரைந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நீ எனக்குத் தெரியாமல் எவ்வளவு செய்திருக்கிறாய் என்று நினைக்க நினைக்கப் பெருமையாகவும், கேட்கக்கூட இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

இரத்மலானைக்காரருக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஜீ.எம்.மிடம் உண்மையைச் சொல்லி, செய்ததை இதே வரைபடத்தில் வரப்போகும் அடுத்த கப்பலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீ இருந்தாய், கேட்டாய். முந்தி முடித்த செக்ஷனிலிருந்து ஆட்களை எடுப்பதில்லை. நிறையை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை, ஒரு பைப் வழி முழுதாகப் பூட்டிச் சோதித்து முடிந்தால்தான் அது முடிந்தது. நான் சொல்லும் திகதி உண்மையான திகதி. சொல்லிவிட்டு உன் பக்கம் பார்த்தேன். நீ பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் அடுத்த நாளே மின்சார செக்ஷன் தங்கள் மேசைக்குள் இருந்து முடித்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. நீ மட்டும்தான் ஒளித்தாய் என்று நினைத்தேன், யார்ட் முழுக்க ஒளித்துத்தான் வைத்திருந்தது.

ஒன்றுதான் இடிக்கிறது. உன் பைப் வரவில்லை என்று நினைத்து, கப்பலின் அடி வால்வுச் சோதனையை நான் பின்னால் தள்ளியிருந்தேன். பைப் இல்லாமல் வால்வைச் சோதித்து என்ன பயன் என்று. சோதனை ஆட்களும் பம்பும் திருத்த வேலைக்கு வந்த வேறொரு கப்பலுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்ததும் உன்னிடம் அனுப்புகிறேன்.

இருளப்பன்

*

கொட்டாஞ்சேனை
30 ஜூலை 2025

அன்புள்ள இருளப்பனுக்கு,

இதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நேரே சொன்னால் என் முகத்தைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடுவீர்கள்.

பைப் எல்லாம் பூட்டிவிட்டோம். அடி வால்வுகள் முடியவில்லை. சோதனை ஆட்கள் போன கிழமைதான் வந்தார்கள். கப்பலின் அடியில் என்ஜினைக் குளிரவைக்கக் கடல்நீர் எடுக்கும் துவாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வுதான் காவல். டொக்கில் தண்ணீர் விட்டால் கடலுக்கும் என்ஜின் அறைக்கும் நடுவில் அந்த வால்வுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் கழற்றி, அழுத்தம் ஏற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். பதினான்காம் திகதிக்குள் என்னால் முடியாது.

நான் எப்போதும் குறைத்துச் சொல்கிறவள். அது உங்களுக்குத் தெரியும். "எவ்லின் முடியவில்லை என்றால் முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்று நீங்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். இந்த முறை அப்படி எடுக்காதீர்கள். கையில் ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை. முடியவில்லை என்றால் முடியவில்லைதான்.

இதைச் சொன்னால் ஜீ.எம். உங்களைத்தான் பிடிப்பார் என்று தெரியும். சிங்கப்பூர்க்காரர் காதுக்கும் போகும், சொன்ன நாளில் கப்பலை மிதக்க விடாத திட்டக்காரன் என்று. அதற்காகச் சொல்லாமல் விடவும் நினைத்தேன். இரண்டு நாள் நினைத்தேன். நேற்றுக் கனவில் டொக் நிரம்பியிருந்தது, கப்பல் மெதுவாக அசைந்தது, சனமெல்லாம் கைதட்டியது. நான் என்ஜின் அறையில் முழங்கால் தண்ணீரில் நின்று உங்களைக் கூப்பிடுகிறேன். தண்ணீர் இளஞ்சூடாக, சுகமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என்னை நம்புங்கள்.

எவ்லின்

*

வெள்ளவத்தை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எவ்லின்,

உன் கடிதத்தை நஸீறா ராத்தா தந்ததும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கடலோரக் கற்பாறையில் குந்தியிருந்து வாசித்தேன். பழக்கம் போகுமா? "முக்கால்வாசி முடிந்திருக்கும்" என்றுதான் முதலில் மனம் சொன்னது. மறுநாள் டொக்கின் அடிக்கு இறங்கி, கப்பலுக்குக் கீழே நின்று அந்தத் துவாரங்களை அண்ணாந்து பார்த்தேன். மேலே அத்தனை இரும்பு, கட்டைகளின் மேல் சத்தமில்லாமல் இருந்தது. பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. பார்த்து விளங்கும் விஷயமும் இல்லை அது. நீ சொன்னாய், அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. அது போதும் என்று ஏறி வந்தேன்.

ஜீ.எம்.மிடம் போனேன். "இருளப்பன், நெக்கத மாறு கரன்ன பே" என்றார், சுபநேரத்தை மாற்றவே முடியாதாம். அமைச்சர், பிக்குமார், பத்திரிகைக்காரர் என்று விரல் மடித்தார். உன் மனைவி எப்போதும் இப்படித்தானே சொல்வாள் என்றும் சிங்களத்தில் சொன்னார். "வேறு எப்போதாவது என்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் சேர், இந்த முறை அவள் சொன்னதுக்கு நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றேன். அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். கோபமாக இருந்தாரா, கப்பலைப் பார்த்து மயங்கி இருந்தாரா தெரியாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நல்ல நேரத்தில் தொடக்கம்தானே முக்கியம்? வீட்டுக்கு நாள் பார்த்து ஒரு கல் வைத்துவிட்டு, மிச்சத்தை ஆறுதலாகக் கட்டுவதில்லையா? அன்று காலை டொக்கின் வாய்க்காலைத் திறந்து, கட்டைகள் நனையும் அளவுக்குத் தண்ணீர் விடுவோம். அந்தத் தண்ணீர் துவாரங்களுக்கு எட்டாது. பிறகு இறைத்துவிட்டுச் சோதிப்போம். கப்பல் தயாரான நாளில் சத்தமில்லாமல் மிதக்கட்டும். ஜீ.எம். சாஸ்திரக்காரருக்கு ஃபோன் எடுத்தார். அவர் சரி என்றாராம். ஜீ.எம். ஃபோனை வைத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

உனக்கு வேண்டிய நாட்களை எடுத்துக்கொள். நான் கூட்டவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன்.

இருளப்பன்

*

கொட்டாஞ்சேனை
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இருளப்பனுக்கு,

நேற்றுக் கப்பலை மிதக்க விட்டபோது நீங்கள் டொக்கின் மேலே நின்றீர்கள், நான் உள்ளே இருந்தேன். ஒருவரும் எனக்கு வெளியே எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. ஆகவே உள்ளே எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பதினான்காம் திகதி நடந்த அந்தச் சடங்கு. அமைச்சர் விளக்கேற்றினார், பிக்குமார் பிரித் ஓதினார்கள், தேங்காய் உடைந்தது. பிறகு தண்ணீர் வந்தது. ஓடி வரவில்லை, யோசித்து யோசித்து வருவது போல வந்தது. கட்டைகளைச் சுற்றி ஒரு மெல்லிய கண்ணாடி விரிந்தது, அதில் கப்பலின் வயிறு தெரிந்தது. நஸீறா ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கப்பல் கால் நனைக்கிற மாதிரி ஈக்கிது புள்ள" என்றார். எதிர்ப்பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். அன்றைக்கே உங்களிடம் வந்திருப்பேன். வால்வுகள் மிச்சம் இருந்தன.

சோதனையில் இடது பக்கத்து ஒன்று கசிந்தது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் நம்பாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதில்லை. அந்த வால்வைத் திருத்தி மறுபடியும் சோதித்தோம்.

நேற்று நாங்கள் டோர்ச்சோடு வால்வுக்கு ஒருவராக நின்றோம். வெளியே தண்ணீர் ஏறும் சத்தம் தகட்டுக்குள்ளால் கேட்டது. யாரோ பக்கத்து அறையில் கதைப்பது போல. எல்லா வால்வும் காய்ந்தே இருந்தன. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். கப்பல் எப்போது மிதந்தது என்று எனக்குத் தெரியாது. அசைவு இல்லை. அது கட்டையில் இருந்த காலம் முழுக்க, கட்டையும் இரும்பும் உரசி ஒரு சின்ன முனகல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அதைக் கவனித்ததே இல்லை. அது நின்ற பிறகுதான் இருந்தது தெரிந்தது. என் ஃபிட்டர் ஒருவன் மெதுவாக, "மிஸ், நாங்க தண்ணியில நிக்கிறம்" என்றான். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

கப்பல் மிதந்துவிட்டது. சிங்கப்பூருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. ஜூனில் என் கருத்தைக் கேட்டீர்கள். நான் சுற்றி வளைத்து எழுதினேன். இப்போது நேராக எழுதுகிறேன்.

போகாதீர்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னை விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

எவ்லின்

*

வெள்ளவத்தை
30 ஆகஸ்ட் 2025

என் எவ்லின்,

சிங்கப்பூருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இப்போது எழுதவில்லை. வால்வு முடியவில்லை, என்னை நம்புங்கள் என்று நீ எழுதினாயே, அதை வாசித்த அன்றைக்கே எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு மாதம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். முடித்ததை ஒளித்து வைக்கும் புத்தி உன்னிடம் படித்ததுதான், ஆகவே திட்டாதே.

ஏன் அன்றைக்கு என்று கேட்பாய். முடிந்ததை என்னிடமிருந்து எத்தனையோ முறை மறைத்திருக்கிறாய். முடியாத ஒன்றை என்னிடம் கொண்டுவந்து கையில் தந்தது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு எந்தக் கடலைத் தாண்டி, எந்தத் துறைமுகத்தில், யாருடைய கப்பலுக்கு நான் திட்டம் போடுவது?

ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பாய். நான் சிங்கப்பூருக்குப் போகாமல் நிற்கிறேன் என்பதற்காக, கடமைக்கு நீ வந்துவிடக் கூடாது. "போகாதீர்கள்" என்று நீயாகவே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நேற்றுச் சொன்னாய். வாசித்துவிட்டு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் நடந்தேன். கடல் வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

எப்போது வருவாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ ஒரு திகதி சொல்வாய். நல்ல பிள்ளையாக இருப்பேன் என்று சத்தியம் செய்தாலும், அதைக் கூட்டவா கழிக்கவா என்று இந்த மண்டை தொடங்கிவிடும். உனக்கு வசதியான போது வா. அக்காவிடமும் சொல்லிவிட்டு வா.

உன்
இருளப்பன்

*

வெள்ளவத்தை
வாசலில்

நஸீறா ராத்தா உங்கள் கடிதத்தைத் தரும்போது பையை ஏற்கெனவே கட்டியிருந்தேன். அக்கா திரீவீலர் பிடித்து ஏற்றிவிட்டாள்.

மணியை அடித்துப் பார்த்தேன், சத்தமில்லை. போன வருஷம் பழுதானது, திருத்த ஒரு திகதி தந்தவர் நீங்கள்தான். ஆகவே இதை எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன்.

பை பாரமாக இருக்கு. கதவைத் திறங்கோ.